கருஞ்சேவல் கொழம்பு

கவியரசா, எழுந்திரிச்சு உன் கருஞ்சேவலத் தேடாத. விடியக்காலையிலயே நாந்தான் கழுத்த அறுத்தேன். துள்ளித் துள்ளி கொல்லைச் செவுரெல்லாம் ரத்தம், தண்ணி ஊத்திக் கழுவிவிடு.

பக்கத்து வூட்டுல காயப்போட்ட கருவாட்ட உன் சேவல் கொத்துனா பஞ்சநாதன் மாமா அதத் துடுப்பால அடிக்கத்தான் செய்வாரு. அதுக்குன்னு மீன் வெட்டுற கத்தியால அவரு கையக் கிழிப்பியா? ஒம்போது தையல்டா.

தையல் பிரிச்சதும் ரெண்டு பேரும் ஒரே போட்டுல கடலுக்குப் போவணுமே. நடுக்கடல்ல யாரு யாரத் தள்ளிவிட்டீங்களோன்னு நான் கரையில வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு ஒக்காரணுமா?

கொழம்புச் சட்டியோட மாமா வூட்டுக்குப் போறேன். இங்க சோறு ஆக்கல. குளிச்சிட்டு நேரா அங்க வா.

அப்பாயி

கத்தி எங்கிட்டதான் இருக்கு.

இன்னொண்ணு, நீ கிழிச்சது அவரு சோத்துக்கை. நீதான் பெசஞ்சு ஊட்டிவிடணும்.