கோலுக்குள் கொட்டில்

14.3.2005 திங்கள்
கொளுத்தும் வெயில். தறப்பாள் கொட்டிலுக்குள் இருக்க முடியவில்லை. இரண்டு கயிறு மாற்றினேன். வீட்டைக் கடல் கொண்டுபோய் பன்னிரண்டாவது கிழமை. உதைபந்தாட்டக் கழக மைதானத்தின் வடக்குக் கோலுக்குள் எங்கள் கொட்டில். பதினாலு வருடம் நான் காத்த கோல். இப்போது அதற்குள் அடுப்பு, மகளின் பாய். மேல் கம்பத்தில் மனைவி பவளத்தின் சேலை.

16 புதன்
யோகன் வந்தான். பவளத்தின் தம்பி, கழகச் செயலாளர். மைதானம் திருத்த உதவும் ஜேர்மன்காரர் சனிக்கிழமை வருகிறாராம். எழுபத்தைந்து வயது. ஐம்பதுகளில் அங்கே கோல் கீப்பராம்.
"அத்தான், கொட்டிலை ரெண்டு நாளைக்குக் கழட்டுங்க. மறுகா போடலாம்."
"புள்ளைய எங்க படுக்க வைக்கிற?"
"பள்ளிக்கூட விறாந்தையில."
விருந்தினர் முதல் பந்தை அடிப்பார், அது கோலாகட்டும் என்று நான் மறுபக்கம் விழவேண்டும். கழக வழமை. எத்தனை பேருக்கு விழுந்துவிட்டேன். வீடு போன பிறகும் விழவேண்டுமாம். பற்றிக்கொண்டு வருகிறது.

18 வெள்ளி
மைதானத்தில் இருந்த ஆறு கொட்டிலும் கழற்றியாயிற்று. அடுப்புக் குழி மூடல். சாம்பல் அள்ளல். காற்சட்டை இரவல். கோடு போடச் சுண்ணாம்பு வந்துவிட்டது, பிள்ளைக்குப் பால்மா வரவில்லை. கடல் கொண்டுபோனது பாதி, கழகம் கொண்டுபோனது மீதி. பவளம் என்னோடு பேச்சில்லை.

19 சனி
ஜேர்மன்காரர் கை குலுக்கும்போது என் விரல்களைப் பார்த்தார். தன் கையை விரித்துக் காட்டினார். மூன்று விரல் கோணல். எனக்கு இரண்டு. பதினொரு வருடம் கையுறை இல்லாமல் காத்தவராம். நாட்டு அணியில் மாற்று ஆளாக வாங்கில் இருந்ததோடு சரி, ஒரு நாளும் ஆட இறக்கவில்லையாம்.
"யுத்தத்தில வீடு போய், தாயோட மைதானப் படிக்குக் கீழதான் இருந்தவராம். அங்கதான் பந்து பிடிக்கப் பழகினவராம்." மொழிபெயர்த்த பள்ளிக்கூட ரீச்சர் சொன்னார்.
ஒலிபெருக்கியில் யோகன்: இன்றிலிருந்து மைதானத்தில் கொட்டில் போடத் தடை. இரண்டு நாள் என்றவன்!
கிழவர் வலப்பக்கம் அடித்தார். நான் இடப்பக்கம் விழவில்லை. பிடித்தேன்.
"அத்தான், பந்தைத் தாங்க."
கொடுக்கவில்லை. "ரீச்சர், அவருக்குச் சொல்லுங்க. இந்தக் கோலுக்குள்ளதான் எங்கட வீடு."
சொன்னார். கிழவர் யோகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வந்து, அடுப்புக் குழி மூடிய இடத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார். எழும்பச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

20 ஞாயிறு
தூறல். கொட்டில் பழைய இடத்தில். பந்து கேட்டு யோகன் மூன்று தரம் வந்துவிட்டான். மகள் அதைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள்.