பொட்டு வைத்த குழாய்

5.10.2006, வியாழன்

அரியலூர் போகும் வழியில் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே வண்டி திக்கித் திக்கிப் போனது. வேதியியல் டீச்சர் நானே லேட் என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

வீட்டில் சொன்னேன். என் கணவர் மகேஷ் பேப்பரை இறக்காமலே, "நான் அப்பவே சொன்னேன், பழைய வண்டி வேணாம்னு" என்றார். எதைச் சொன்னாலும் அப்பவே சொன்னவர் இவர்.

6.10.2006

பெரம்பலூரில் அனஸின் பட்டறை. லப்பைக்குடிகாட்டுக்காரர், ஷார்ஜாவில் கார் வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்த ஒரு சின்னப் பெட்டியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகிப் பார்த்தார்.

"லீன்னு காட்டுது டீச்சர். காத்து கூட, பெட்ரோல் கம்மி. இன்ஷா அல்லாஹ் சரி பண்ணிரலாம்."

பெட்ரோல் ஃபில்டரை மாற்றிவிட்டுப் பெட்டியாலேயே விளக்கை அணைத்தார்.

9.10.2006

மறுபடி எரிகிறது. சே.

11.10.2006

"பெட்ரோல் சரியா வருது டீச்சர். எங்கயோ திருட்டுக் காத்து உள்ள போவுது" என்று அனஸ் ஒரு மணி நேரம் தேடினார். கிடைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் இவர் காரின் பின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று காகிதம் ஒட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அரும்பாவூரிலிருந்து பார்க்க வருகிறார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது வருஷம் கூட்ட பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தது யார், இவரா? இந்தக் கார் வந்த பிறகுதான் மனுஷியாக வீடு திரும்புகிறேன். விக்க மாட்டேன். என்ன ஆனாலும் விக்க வுட மாட்டேன்.

14.10.2006, சனி

காலையில் நானே பானெட்டைத் திறந்தேன். எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தால், எங்கோ மெல்லிய 'உஸ்'.

ஒன்றாம் தேதி ஆயுத பூஜைக்கு இவர் வைத்த சந்தனமும் குங்குமமும் எங்கு பார்த்தாலும். எஞ்சினில் போய்ச் சேரும் விரல் தடிமன் ரப்பர் குழாயின் இணைப்பில் ஒரு பெரிய பொட்டு — நடுவில் பிளந்திருந்தது! ஈரத்துணியால் துடைத்தேன். குழாய் கையோடு வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் வாசம்.

இவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பளபளன்னு இருக்கட்டும்னு கழட்டி எண்ணெ தடவினேன். திரும்ப மாட்டிட்டேனே?"

மாட்டினார்தான். கிளிப்பை இறுக்கவில்லை. வழுக்கி வழுக்கி வெளியே வந்திருக்கிறது, அந்த இடைவெளியில்தான் திருட்டுக் காற்று.

அனஸ் வந்து புதுக் குழாய் போட்டார். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடுமாம். தலையைச் சொறிந்துகொண்டே, "இந்தப் பொட்ட அன்னிக்கே பாத்தேன் டீச்சர். சாமிக்கு வச்சது, நாம கலைக்கக் கூடாதுன்னு வுட்டுட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

15.10.2006, ஞாயிறு

அரியலூர் வரை போய் வந்தேன். விளக்கு எரியவில்லை.

அரும்பாவூர்க்காரர்கள் வந்தபோது நான் சமையலறையில். இவர் வாசலில் சொன்னது கேட்டது: "வண்டி குடுக்கறதா இல்லீங்க. வூட்ல டெய்லி எடுக்கறாங்க."

பிறகு இவரே காகிதத்தைச் சுரண்டி எடுத்தார். நான் காபியைக் கொஞ்சம் ஸ்ட்ராங்காகப் போட்டேன்.

20.10.2007, ஆயுத பூஜை

இந்த ஒரு வருஷமும் விளக்கு எரியவில்லை. காலையில் இவர் சந்தனக் கிண்ணத்தோடு கார் பக்கத்தில் நின்றுகொண்டு, "சசி, பொட்டு எங்கெங்க வைக்கலாம்?" என்று கேட்டார். பானெட்டைத் திறக்கவே இல்லை.

"ஸ்டியரிங்ல மட்டும் வைங்க" என்றேன்.

வைத்தார். பிறகு, "ஓட்டுறவங்களுக்கும் ஒண்ணு" என்று என் நெற்றியிலும் வைத்தார்.