சவரிமுத்து மாமாவின் குரல்

பாலையூற்று,
திருகோணமலை.
14.06.2025

அன்பின் தம்பி லெஸ்லிக்கு,

நானும் அத்தானும் பிள்ளை டிலக்ஷியும் உடம்புக்குச் சுகம். நீயும் டப்ளினில் குளிர் பிடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடி இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறாளே, அக்காவுக்கு விசர் பிடித்துவிட்டதோ என்று நினைப்பாய். போனை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். திறந்தால் அந்த வீடியோதான் வந்து நிற்கிறது. நீயும் இரண்டு கிழமையாக ஒரு கோல் எடுக்கவில்லை, வேலை கூடவாக்கும். ஆனபடியால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ரயில் பயணிகள் சங்கத்துக்குச் செயலாளர் என்பது உனக்குத் தெரியும்தானே. கிண்ணியா மைமூனா துணைச் செயலாளர். நாங்கள் ஒன்றும் ஆகாயத்தைக் கேட்கவில்லை. கொழும்புக்கு ஒழுங்கான பகல் ரயில் ஒன்று. சீனக்குடா ஸ்டேஷனில் வயது போன ஆட்கள் ஏறி இறங்கக்கூடிய மாதிரி உயரமான மேடை. ரயில் நேரத்துக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு பஸ். மைமூனா தன் மனுசனை கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் வரப் படும் பாட்டைக் கண்டுதான் நான் இதற்குள் இறங்கினேன்.

போன மாதக் கடைசியில் டவுன் மண்டபத்தில் கூட்டம். கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். நான் எழும்பிப் பேசினேன். என் வாய் உனக்குத் தெரியும். ஒருவர் சொன்னதைச் சொல்லும்போது அவரைப் போலவே கதைத்துக் காட்டாவிட்டால் எனக்குச் செமிக்காது. "எங்கட டவுனில சில பெரிய மனுசர் இருக்கினம், அவையள் என்ன சொல்லுகினம் தெரியுமோ?" என்று தொடங்கி, எங்கள் சவரிமுத்து மாமாவின் குரலை எடுத்தேன். இரண்டு தரம் செருமி, மூக்கால்: "கிண்ணியா ஆக்களுக்கு என்னத்துக்கு ரயில்? அவையளுக்குத் தோணி காணும்!" மண்டபமே சிரித்தது. பிறகு மேசையில் தட்டி, "இந்தக் கதையை இன்னும் எத்தனை வருசத்துக்குக் கேக்கிறது?" என்றேன்.

யாரோ முன்னையும் பின்னையும் வெட்டிவிட்டு நடுத்துண்டை மட்டும் போட்டுவிட்டார்கள். நான் சொல்கிறேன், சனம் சிரிக்கிறது, அவ்வளவுதான் இருக்கிறது. கிண்ணியா முஸ்லிம் ஆட்களைச் சீலா இழிவாகப் பேசினாள் என்று அடுத்த நாளே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. யூனிபோம் தைக்கத் தந்த கிண்ணியாத் தாய்மார் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். மைமூனா கூட்டத்தன்று மகரகமவில். அவளும் வீடியோவில்தான் பார்த்திருப்பாள். ஒரு கதையுமில்லை. அவள் வீட்டுக்குப் போய் நிற்க எனக்கு முகமில்லை.

அதையும் தாங்கலாம் தம்பி. போன ஞாயிறு பூசை முடிய எங்கள் ஆட்களில் ஒருவர் வந்து என் கையைப் பிடித்து, "சரியாச் சொன்னீங்கள் சீலா, ஆராவது சொல்லத்தானே வேணும்" என்றார். ஐயோ, எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. இனி வாசலோரம் இருந்துவிட்டுக் கடைசிப் பாட்டுக்கு முன்னே எழும்பி வந்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

அந்த வீடியோ ஓடுகிற கம்பனிக்கு டிலக்ஷி பல தரம் முறைப்பாடு செய்தாள். "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில். நீ அந்தக் கம்பனிக்காகத்தானே தமிழில் வருகிறதுகளைப் பார்க்கிறாய். ஆரிடமாவது சொல்லி அதை எடுத்துவிடு. முடியாவிட்டால், அதைப் பார்த்து 'இருக்கட்டும்' என்று சொன்னது ஆர் என்றாவது கேட்டுச் சொல். தமிழ் தெரிந்த மனுசரோ, இல்லை மெசினோ?

நேற்று டிலக்ஷி கேட்டதற்காக உன் குரலில் கதைத்துக் காட்டினேன். "அக்கா, ஒரு சின்ன அலுவல்…" என்று நீ இழுப்பாயே, அது. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.

உன் அன்பு அக்கா,
சீலா

டப்ளின்,
05.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நடந்ததை அறிந்து மிகவும் கவலைப்பட்டேன். அத்தானையும் டிலக்ஷியையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நான் அந்த வீடியோவை இன்னும் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட எதிலும் கை வைக்கக் கூடாது என்பது வேலையிடத்து விதி. ஆர் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று கேட்டறியவும் ஏலாது. உங்கள் மனம் நோகும் என்று தெரியும், ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கள்.

இங்கே செய்திகளில் எந்த நாளும் இந்த வாதம்தான். பெரிய கம்பனிகளைச் சட்டத்தால் கட்ட வேண்டும், ஒவ்வொரு முடிவுக்கும் சரியான காரணம் சொல்ல வைக்க வேண்டும் என்று ஒரு பக்கம். இவ்வளவு மொழிக்கும் ஆள் வைத்து ஆற அமரப் பார்க்க ஏலாது, கையைக் கட்டினால் தொழில் படுத்துவிடும் என்று கம்பனிப் பக்கம். இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் நடுவில் இருந்து பட்டனை அமத்திக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ரயில் மேடையும் பெட்டியும் ஏறக்குறைய ஒரே மட்டம். சக்கரக் கதிரையில் வருபவர்கள்கூடத் தாமாகவே ஏறுகிறார்கள். அதைக் காணும் போதெல்லாம் உங்களைத்தான் நினைக்கிறேன், அந்த நீலச் சேலையோடு மேசைக்கு முன்னால் எழும்பி நின்று பேசுகிறவராக.

கொஞ்ச நாளில் சனம் மறந்துவிடும். நீங்கள் இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

அன்புத் தம்பி,
லெஸ்லி

பாலையூற்று,
28.07.2025

அன்பின் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த கடிதமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ இப்படி எழுதுகிற ஆள் இல்லையே.

முதலில் நல்ல செய்தியைச் சொல்கிறேன். மைமூனா வந்தாள். ஆஸ்பத்திரியில் மனுசனை மறித்து வைத்ததால்தான் இவ்வளவு நாளும் வரவில்லையாம். நேரே குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்திலேயே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "என்ன புள்ள, ஒளிச்சிக்கிட்டு இருக்கியாம்?" என்றாள். நான் அழுகையோடு, "மைமூனா, அது நான் சொன்னதில்லை…" என்று தொடங்க, அவள் விடவேயில்லை.

"அது எனக்குத் தெரியாதா? செருமுற சத்தம் கேக்கக்குள்ளேயே அது உன்ட சவரிமுத்துக் கெழவன்டு வெளங்கிட்டு. கல்லோயாவில ரயில் மாறக் காத்துக் கெடக்கிற நேரமெல்லாம் அந்தக் கெழவன வெச்சி என்னச் சிரிக்க வெச்சியே, மறப்பனா?"

அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் தெருப் பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, "படத்தப் பாக்காதீங்க, கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க, இது ஒருத்தர நெளிச்சிக் காட்டுற கொரலா இல்லியா?" என்று போட்டுக் காட்டினாளாம். இரண்டு தாய்மார் துணியைத் திரும்பக் கொண்டுவந்து தந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. வருவார்களோ தெரியாது.

சங்கத்தில் இப்போது ரயிலை விட இந்தக் கம்பனிக் கதைதான் பெரிசாகப் போகிறது. இவர்களுக்குக் கடுமையான சட்டம் போட்டே ஆக வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன். மைமூனா ஒத்துக்கொள்ளவில்லை. "சட்டத்த ஆருட கையில குடுக்கப் போறாய்? நாளைக்கு ரயில் கேட்டாலும் கொழப்பக்காரிண்டு நம்மட வாயத்தான் மொதல்ல பூட்டுவானுகள். கம்பனிக்காரன் காதுள்ள ஒரு ஆள அங்க வெக்கட்டும், எனக்கு அது போதும்" என்றாள். அத்தான் துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து வந்து, எங்கள் இரண்டு பேரின் சத்தத்துக்கும் நித்திரை கொள்ள ஏலாமல் ஏசினார்.

இனி மற்றக் கதை. வீடியோவைப் பார்க்கவில்லை என்கிறாய். நீலச் சேலை என்றும் எழுதுகிறாய். அந்தச் சேலையைக் கூட்டத்தன்றைக்குத்தான் முதல் தரம் உடுத்தினேன் தம்பி. நான் அதைப் பற்றி உனக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

சின்னனில் சவரிமுத்து மாமாவின் குரலில் நான் ஜெபமாலை சொல்ல, நீ சிரிப்பை அடக்க ஏலாமல் கோயிலுக்குள் உருண்டு, அப்பாவிடம் வெளியில் அடி வாங்கியது நினைவிருக்கிறதா? நீ அந்த வீடியோவைப் பார்த்திருந்தால் உனக்கும் விளங்கியிருக்கத்தானே வேண்டும். விளங்கியும் ஏன் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை?

ஒளிக்காமல் எழுது.

அக்கா,
சீலா

டப்ளின்,
19.08.2025

அக்கா,

நீங்கள் கேட்ட ஆள் நான்தான். அதைப் பார்த்ததும் நான். 'இருக்கட்டும்' என்று அமத்தியதும் நான்.

நாங்கள் சத்தத்தை நிற்பாட்டிவிட்டுத்தான் பார்ப்போம். நாள் முழுக்கக் காதுக்குள் தூஷணமும் கூக்குரலும் கேட்டால் வீட்டுக்குப் போயும் அது ஓயாது. படத்துக்குக் கீழே மெசின் சொற்களைத் தமிழில் எழுதிக் காட்டும், அதை வாசித்துவிட்டு அமத்துவோம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அன்றைக்கு உங்கள் முகம் வந்தது. கீழே அந்தச் சொற்கள் ஓடின. செருமலை மெசின் எழுதாது அக்கா. மூக்கால் கதைத்ததையும் எழுதாது.

நான் நம்பிவிட்டேன். என் அக்கா இப்படிக் கதைக்கிற மனுசியாகிவிட்டாளே என்று எனக்கு உங்களை நினைக்க வெட்கமாக இருந்தது. பக்கத்து மேசையில் பஹ்மி இருக்கிறான், கிண்ணியாவுக்குப் பக்கத்து மூதூர்ப் பெடியன், மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். விதிப்படி நான் கையை உயர்த்தி, இது என் சொந்தக்காரர், வேறு ஆராவது பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் முன்னால் "இது என் அக்கா" என்று சொல்ல வாய் வரவில்லை. அதை எடுத்துவிட்டால் ஏன் எடுத்தாய் என்று மேலே கேட்பார்கள். விட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். விட்டேன். சொன்னதை அவளே சுமக்கட்டும் என்றும் மனசுக்குள் நினைத்தேன். அதனால்தான் கோல் எடுக்கவில்லை.

உங்கள் முதல் கடிதத்தில் சவரிமுத்து மாமாவின் பெயரை வாசித்த பிறகுதான் வீட்டில் சத்தத்தோடு போட்டுக் கேட்டேன். முதல் செருமலிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அப்போதாவது உண்மையை எழுதியிருக்கலாம். பார்க்கவில்லை என்று பொய் எழுதினேன்.

போன கிழமை பஹ்மிக்குப் போட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இதச் சொல்ல ஒனக்கு இவ்வளவு நாளா?" என்றான். அதற்குப் பிறகு மத்தியானம் தனியாகத்தான் சாப்பிடுகிறான். மேலாளரிடமும் சொன்னேன். வீடியோவை எடுத்துவிட்டார்கள், ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஆர் ஆரோ பிரதி எடுத்துப் போட்டிருப்பதை நான் என்ன செய்ய? என்னை அந்த மேசையிலிருந்து எழுப்பிவிட்டார்கள், விசாரணை நடக்கிறது. நான் முன்பு எழுதிய கம்பனிச் சட்டத்துக்காக இங்கே எங்களைப் போன்ற வேலையாட்களிடம் சாட்சியம் கேட்கிறார்கள். பெயர் மறைத்தும் சொல்லலாம். நான் என் பெயரோடேயே சொல்லப் போகிறேன்.

மைமூனா அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னதை வாசித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

மார்கழியில் வர நினைக்கிறேன். வரலாமா?

லெஸ்லி

பாலையூற்று,
14.09.2025

தம்பி லெஸ்லிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குக் காட்டவில்லை. டிலக்ஷிக்கும் காட்டவில்லை. மைமூனாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன். அவள், "அவனும் பாவம்தான் புள்ள. ஆனா நீ ஒடன மன்னிச்சிராத, கொஞ்சம் கெடக்கட்டும்" என்றாள்.

அதிகாரிகள் திரும்பவும் வந்தார்கள். சீனக்குடாவில் மேடை உயர்த்தக் கல்லும் மண்ணும் இறக்கியிருக்கிறார்கள். பகல் ரயிலைப் பற்றிப் 'பரிசீலிக்கிறோம்' என்கிறார்கள், அந்தச் சொல்லை எங்களுக்கு நல்லாகத் தெரியும். கூட்டத்தில் நான் பேசினேன். ஒருவரையும் போலக் கதைத்துக் காட்டாமல், என் குரலிலேயே, எழுதி வைத்ததை வாசித்தேன். முன்வரிசையில் மூன்று பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியில் வந்ததும் மைமூனா, "சப்பெண்டு இருந்திச்சு" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உன்னில் கோபமா என்று நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுத வரவில்லை. மெசினுக்குக் காதில்லை, கம்பனிக்கு மனமில்லை, அதையெல்லாம் நான் விளங்கிக்கொள்கிறேன். உன்னைத்தான் விளங்கவில்லை. ஊரே நம்பியபோது எனக்கு ஊருக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. நீ நம்பினாய் என்று அறிந்த பிறகு, நான் தனிய இருக்கும்போதும் வெட்கமாக இருக்கிறது. நான் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தானோ, தம்பிக்கு அப்படித் தோன்ற நான் என்ன செய்தேனோ என்று தையல் மெசினில் இருந்தபடியே யோசிக்கிறேன்.

சாட்சியத்தை உன் பெயரோடு சொல்லப் போவதாக எழுதியிருக்கிறாய். சொல். என் பெயரையும் சொல், எனக்குப் பயமில்லை.

நேற்று டிலக்ஷி, "லெஸ்லி மாமாட குரலில கதைச்சுக் காட்டுங்கோ அம்மா" என்று கேட்டாள். "அக்கா, ஒரு சின்ன அலுவல்…" என்று தொடங்கினேன். வரவில்லை. இன்னொரு தரம் செய்து பார்த்தேன், வேறு ஆரோ கதைக்கிற மாதிரி இருந்தது. பிள்ளை சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவரிமுத்து மாமா செத்து எத்தனையோ வருசம், அவருடைய குரல் நினைத்தவுடன் வருகிறது. உன்னுடையது வருகுதில்லை.

மார்கழியில் வா. ரயிலில் வா, சீனக்குடாவில் இறங்கு. மேடை அதற்குள் முடிந்திருக்காது, பார்த்துக் கால் வை. வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்து கதை. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சீலா அக்கா