ஆற்றில் குளித்த மோட்டார்

என் உயிரான அண்ணனுக்கு,

வண்டி கிளம்பாத காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பண்ணையார் காலைப் பூசையில் இருக்கிறார். அவர் வெளியே வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

மாசியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனதும் நீங்கள் ஓட்டிய பண்ணையாருடைய மோட்டார் கார் என் கைக்கு வந்தது. ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் ஒரே சுற்றில் கிளம்பும். இன்னொரு நாள் தோள்பட்டை கழன்றுபோகிற மட்டும் வண்டி முன்னால் செருகும் ஆண்டிலைச் சுற்றினாலும் முனகாது. உச்சி வெயில் ஏறிய பிறகு தானாக மனம் இரங்கிக் கிளம்பும். பெட்ரோல் குழாயை ஊதினேன், பிளக்கைத் துடைத்தேன், திருநீறுகூடப் பூசினேன். நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

வைகாசியில் பண்ணையாருக்குத் திருநெல்வேலிக் கோர்ட்டில் வாய்தா. அன்று காலை ரயிலடிக்குப் போக வண்டி அசையவில்லை, ரயிலும் போய்விட்டது.

“ஏலே, ஒங்கண்ணன் இருந்தப்போ நல்லாத்தானலே ஓடிச்சு? இப்ப ஏன் சண்டித்தனம் பண்ணுது?”

“எசமான், இது அண்ணன் காலத்துக் கோளாறு. மூடி மறைச்சு ஓட்டியிருக்காவ.”

சொல்லிவிட்டேன் அண்ணா. பயத்தில் வாய் முந்திக்கொண்டது. மதினி அங்கேதான் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அப்போ அவன் பொண்டாட்டிக்கு எதுக்குலே என் வீடு? ஆனி முடியதுக்குள்ள காலி பண்ணச் சொல்லு” என்றார் பண்ணையார். இரண்டு பிள்ளைகளோடு மதினி எங்கே போவார்கள்? அவர்கள் குனிந்து முற்றத்தைப் பெருக்கி முடித்தார்கள்.

அதன்பிறகுதான் ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். வண்டியை நண்பகலில் ஆற்றில் குளிப்பாட்டினால் மறுநாள் கிளம்புகிறது. அந்தியில் குளிப்பாட்டினால் கிளம்புவதில்லை. ஆமாம், முதல் மாதம் கழிந்ததும் குளிப்பாட்டத் தொடங்கினேன். காளையை ஓட்டுவது போல ஆற்றுக்குள் இறக்கி வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தேன். நீங்கள் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். உங்களைவிட நன்றாக வைத்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள எனக்கு ஆசை.

மூன்று நாள் ஆற்றுப் பக்கமே போகவில்லை. மூன்று நாளும் ஒரே சுற்று. முந்தாநாள் மாலை வேண்டுமென்றே இறக்கினேன். நேற்றுக் காலை கிளம்பவில்லை. பொறியை உண்டாக்கும் மாக்னெட்டோவைத் திறந்தால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். வெயிலில் உலர்த்தி மாட்டியதும் வண்டி உடனே கிளம்பிவிட்டது. கிளம்பாமல் இருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

நேற்றே மதினியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர்கள் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அவிய வண்டிய ஆத்துப் பக்கமே விடமாட்டாவளே தம்பி. நீங்க குளிப்பாட்டுனதுதான் கோளாறுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“பெறகு ஏன் மதினி சொல்லல?”

“சொல்லியிருந்தா ஒங்க வேல போயிருக்கும்லா? நீங்களே வந்து சொல்லுவியன்னு இருந்தேன்.”

சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்து வைத்தார்கள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பூசை மணி நின்றுவிட்டது. மதினியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பண்ணையாரிடம் சொல்லப்போகிறேன்: கெடுத்தவன் நான், அண்ணன் மேல் நான் சொன்னது பொய். வேலை போனால் போகட்டும். அவர் மனம் மாறாவிட்டால், மதினியும் பிள்ளைகளும் என்னோடுதான். நான் குடிக்கும் கஞ்சியில் அவர்களுக்குத்தான் முதல் பங்கு. இது சத்தியம்.

செத்த பிறகும் உங்கள் மேல் பழி போட்ட,
கூடப்பிறந்த தம்பி