கத்திச் சொன்னது மட்டும்

மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், நீயும் அங்கே நலமாகத்தான் இருப்பாய், உன் நலத்தில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை. விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். உன் மகளுக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது, நீ அந்தக் கேட்கும் கருவியைக் கழற்றிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டாய். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் யாரும் இதை இப்படிச் சொன்னதில்லை. தள்ளிப்போட்டிருக்கிறோம் என்றோம், டாக்டர் பொறுக்கச் சொன்னார் என்றோம். டாக்டர் பொறுக்கச் சொல்லவில்லை. நீ செய்தது அநியாயம். போனில் சொன்னால் மீட்டிங் இருக்கும்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மொச்சை பிறந்த அன்று போட்டோவைப் பார்த்துவிட்டு, இரண்டு காதும் மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கிறதே என்று சிரித்து அந்தப் பெயரை வைத்தவன் நீ. மடலும் இல்லை, துவாரமும் இல்லை, இரண்டு பக்கமும் ஒரு சின்ன மடிப்புதான். காது டாக்டரம்மா சோதித்துவிட்டு, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, வெளிக்கதவுதான் இல்லை என்றார். நீ அங்கிருந்து போனில், ஸ்பீக்கரில் இருந்தாய். காதுக்கு அவசரமே இல்லீங்க, எட்டு வயசுக்கு மேல விலாவுல இருந்து குருத்தெலும்பு எடுத்து அழகாச் செஞ்சிடலாம் என்றார். சரிங்க டாக்டர் என்று நீ வைத்துவிட்டாய். அதற்கு அடுத்த வாக்கியத்தை நானும் உன் மனைவியும் கேட்டோம், ஆனா கேக்குறதுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, குழந்தை பேச்சுப் படிக்கிற வயசு இதுதான் என்றார். அவர் மடலைச் சொன்னார், நீ மொத்தக் காதையும் எடுத்துக்கொண்டாய். நம் மொழியில் வெளியே ஒட்டியிருப்பதும் காது, உள்ளே கேட்பதும் காது. தோடு தொங்குவதும் காதில், சொல் விழுவதும் காதில். அந்த ஒரே சொல்லில் நீ மாட்டிக்கொண்டாய், அதுவரை உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் உன் மனைவி அன்றைக்கே திரும்பக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். டாக்டரே அவசரமில்லன்னுட்டாங்க, நீ என்ன அவங்களுக்கு மேல பெரிய டாக்டரா என்று கேட்டாயே, அங்கிருந்து தொடங்குகிறது உன் கணக்கு.

அவள் உன்னை மீறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள், நானும் கூடப் போனேன். செவித்திறன் சோதிக்கிற பெண் ஒரு எலாஸ்டிக் பட்டையைக் கொடுத்தாள், பழகிப் பாருங்கள் என்று. தலையைச் சுற்றிப் போட்டால், தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு கருவி காதுக்குப் பின்னால் எலும்பில் படியும், துவாரமில்லாத காதைச் சுற்றிக்கொண்டு எலும்பு வழியாகச் சத்தம் உள்ளே போகும். அன்று என் தையல் கடையில் கத்திரிக்கோலைத் துணி வெட்டும் மேசையில் வைத்தேன், குழந்தை திடுக்கிட்டு என் கையைப் பார்த்தது, பிறகு கத்திரிக்கோலைப் பார்த்தது. திரும்ப வைக்கச் சொல்லிக் கையை ஆட்டியது. அன்று பாதி நாள் ஒரு ரவிக்கையும் வெட்டவில்லை, அதற்காகக் கத்திரிக்கோலை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நீ லீவில் வந்தாய். குடும்பத்தோடு போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனோம். இதென்ன தலையில ரேடியோ பெட்டிய கட்டின மாதிரி என்று நீயே கழற்றினாய், முடியை இழுத்துவிட்டுக் காதை மூடினாய், இப்பதான் பாக்கப் பாப்பா மாதிரி இருக்கா என்றாய். உன் அக்கா பக்கத்தில் நின்று ஆமாண்டா, ராசாத்தி மாதிரி இருக்கா என்று ஒத்து ஊதினாள். மறுநாள் நீயே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பட்டை வேண்டாம் என்று கொடுத்துவிட்டு வந்தாய். எட்டு வயசில் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் மடலும் செய்து துவாரமும் திறந்து எல்லாம் ஒன்றாக முடித்துவிடுவேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். பெரிய ஆபரேஷன் செய்கிற அப்பா என்று பெயர் வாங்குவது சுலபம், பட்டை போட்ட பிள்ளைக்கு அப்பாவாகத் தெருவில் நடப்பதுதான் உனக்குக் கஷ்டமாக இருந்தது.

இனி நடந்ததைக் கேள். பட்டை இல்லாமல் அவளுக்குக் கத்தினால் மட்டும்தான் கொஞ்சம் கேட்கும். வீட்டில் மனிதர்கள் எதைக் கத்திச் சொல்வார்கள் என்று யோசித்துப் பார். தொடாதே, போ அந்தப் பக்கம், சனியனே, அறிவிருக்கா. அவளுக்கு வந்திருக்கிற சொற்கள் இவ்வளவுதான், அதையும் குழறித்தான் சொல்கிறாள். பொம்மையைத் தூங்க வைக்கும்போது தட்டிக்கொடுத்துக்கொண்டே சனியனே, சனியனே என்று கொஞ்சுகிறாள். அது கொஞ்சுகிற சொல் இல்லை என்று அவளுக்கு யார் சொல்வது? கண்ணே, தங்கமே என்பதையெல்லாம் யாரும் கத்திச் சொல்வதில்லையே, அதெல்லாம் அவளிடம் போய்ச் சேரவே இல்லை. போன வாரம் மழலைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். அங்கிருந்த டீச்சரம்மா மெல்லிய குரலில் உன் பேரென்ன கண்ணு என்று கேட்டார். மொச்சை அவர் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள், இரண்டாம் தடவை அவர் கொஞ்சம் சத்தமாகக் கேட்டதும் திட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்கு, அறிவிருக்கா என்றாள். குழந்தை மந்தம், வளர்ப்பும் சரியில்லை, வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உன் மனைவி தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை, எனக்கு உன் மேல்தான் ஆத்திரமாக வந்தது.

உன்னைக் கேட்காமல் அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சோதனைக்காரப் பெண் எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். மொச்சை தையல் மிஷின் ஓடும்போது பலகையில் தாடையை வைத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளே, அது என்ன சேட்டை என்று கேட்டேன். சேட்டை இல்லம்மா, அவ எலும்பால கேக்குறா, நீங்க குடுக்காததை அவளே தேடிக்கிட்டா என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புதிதாக ஸ்கேன் எடுத்துப் பார்த்து டாக்டரம்மா சொன்னது, துவாரம் திறக்கிற ஆபரேஷன் இவள் எலும்புக்குச் சரிப்படாதாம், எந்த நாட்டுக்குப் போனாலும் அதேதானாம். இப்போதைக்குப் பட்டை, கொஞ்சம் வளர்ந்ததும் அந்தக் கருவியை எலும்பிலேயே பொருத்தலாம். மடல் அழகுக்கு, அதை அவள் பெரியவளாகித் தனக்கு வேண்டும் என்றால் செய்துகொள்ளட்டும். போன இரண்டு வருஷம் திரும்ப வருமா என்று கேட்டேன். பேச்சு வரும், ஆனா மத்த பிள்ளைங்க சும்மா கேட்டே படிச்சதை இவ உழைச்சுப் படிக்கணும் என்றார். உன் மகள் தலையில் இப்போது பட்டை இருக்கிறது. தூங்குகிற நேரம் தவிர அதைக் கழற்ற விடமாட்டேன் என்கிறாள்.

இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன், இதில் பேரம் கிடையாது. உன் மனைவி பேட்டரி பார்க்க வேண்டும், வாரம் தவறாமல் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்கு உன்னிடம் அனுமதி கேட்கக் கூடாது. டாக்டரம்மா இனி எந்தத் தாய் தகப்பனிடமும் காது என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது, மடல் என்றும் கேட்பது என்றும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், இதை அவரிடமே சொன்னேன், தலையாட்டினார். உன் அக்கா இந்த வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் முடியில் கை வைக்கக் கூடாது. நான் கடையிலும் வீட்டிலும் குரலைத் தாழ்த்த வேண்டும், இந்த வயதில் அது எனக்கு லேசில்லை, ஆனாலும் செய்வேன். நீ, எட்டு வயசில் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் யாரிடம் சொன்னாயோ அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஸ்டூடியோ படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன், வரும்போது வேறு எடுக்கலாம், பட்டையோடு. கடவுள் உனக்கு நல்ல உடம்பும் அதைவிட நல்ல புத்தியும் கொடுக்கட்டும். கடைசியாக ஒன்று, இனி உன் வேலை முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிடாதே, அப்போது இங்கே அவள் பட்டையைக் கழற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். காலையில் கூப்பிடு. என்னிடம் வேண்டாம், அவளிடம் பேசு. கத்தாமல் பேசு.

இதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறாத,
உன் அம்மா