கோடையில் வருகிறேன்

அன்புக் குரங்கே,

மழைக்காலத்தில்தான் தேசியப் பூங்கா அழகு, அருவியெல்லாம் பொங்கும் என்று அடம்பிடித்து மலையேறப் போனாய். அட்டை கடிக்கும், பாறை வழுக்கும் என்று நான் தொண்டை கிழியக் கத்தியது உன் காதில் ஏறவே இல்லை.

நேற்று வனக்காவலர் போன் செய்தார். "ஆத்துல வெள்ளம் வடியட்டும்மா. இனிமே கோடையிலதான் தேட முடியும்." சுற்றுலாவுக்கு நாள் குறிப்பவள் போல நானும் "சரிங்க" என்றேன்.

அங்கே உனக்கு சிக்னல் கிடைக்கவில்லை என்றுதான் அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

"எந்த சீசன்லதான் என்கூட வருவ?" என்று வருஷா வருஷம் நச்சரிப்பாயே. கோடையில் வருகிறேன், போதுமா? டிக்கெட் எடுக்கும்போது அம்மா எட்டிப் பார்த்தாள். "திரும்பி வர்றதுக்கு அவனுக்கும் சேர்த்துப் போடுடி" என்றாள்.

போட்டுவிட்டேன்.

உன் அக்கா