பெரிய வியாதி

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்தே ஆடிக் காற்று. கொடியில் போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில். பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தர்மபுரிக்கு. அக்காவின் சதைப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மார்பில் இருப்பது புற்றுநோய்தான். ஆரம்ப நிலை, ஆபரேஷன் செய்தால் நல்லபடியாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. எங்கள் ஊர் பாப்பாரப்பட்டியில் பஸ் இறங்கும்வரை 'ஆரம்ப நிலை, ஆரம்ப நிலை' என்றே மனசுக்குள்.

சமையல்கட்டில் நின்று அக்கா மகன் குமரேசனுக்கு போன். ஓசூரில் ஷிப்டில் இருந்தான். "பெரிய வியாதிதான்டா" என்றேன். அந்தப் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. புரிந்துகொண்டான். அழுதான். பிறகு, "சித்தி, அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. மனசு வுட்டுருவாங்க. சாதா கட்டின்னு சொல்லி ஆபரேசன் பண்ணிரலாம்."

சரி என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

புளி, சோப்பு, கேஸ் புக் பண்ண.

அக்கா ஆபரேஷனுக்கு மாட்டேன் என்கிறாள். "சாதா கட்டின்னா இருந்துட்டுப் போவுது, வுடு." என் பொய்யே என் வாயை அடைக்கிறது. தள்ளிப்போட்டால் ஆரம்ப நிலை எத்தனை நாள் ஆரம்பமாகவே இருக்கும்?

தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்துக்கொண்டாள். பாயைச் சுருட்டிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். என் மகள் யாழினியைக் கிட்டவே சேர்க்கவில்லை. பெரியம்மா சோறு பிசைந்து கொடுத்தால்தான் அவளுக்கு இறங்கும், ஒரே அழுகை. குமரேசனிடம் சொன்னேன். "பாத்தீங்களா, சாதா கட்டின்னு சொன்னதுக்கே இப்பிடி" என்கிறான்.

எட்டாம் வகுப்புக்கு இன்று அடிப்படை உரிமைகள். போர்டில் எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

ஜூலை 24, வியாழன்

காற்று நிற்கவில்லை. வாயெல்லாம் மண்.

டாக்டரம்மாவுக்கு போன். அக்காவுக்குத் தெரியாமலே செய்துவிட முடியாதா என்று கேட்டேன். "முடியாதுங்க டீச்சர். அவங்க உடம்பு. அவங்கதான் சரின்னு சொல்லணும். பையன் இல்ல, நீங்களும் இல்ல."

கோபம் வந்தது. எங்கள் வீட்டில் உடம்பு ஒருத்தருக்கு மட்டுமா சொந்தம்? ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் எல்லாரும் கஞ்சி குடிக்கிற குடும்பம். கஷ்டத்தைச் சொல்லாமல் நாமே சுமப்பதுதான் பாசம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதைத் தப்பு என்று சொல்ல இன்னும் மனசு வரவில்லை. ஆனால் யார் உடம்போ அவளைக் கேட்காமல் எப்படி? இரண்டும் சரியாகத்தான் தெரிகிறது. தலைவலி.

ஜூலை 25, வெள்ளி

மாரியம்மன் கோயிலில் கூழ். ஒரு வருஷமும் தவறாத அக்கா, வரமாட்டேன் என்றுவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் பின்கட்டில் தன் தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசிக்கொண்டிருக்கிறாள்.

"ஏங்க்கா இப்பிடிப் பண்ற?"

"எனக்குத் தெரியும்டி. நீ போன்ல சொன்னத கேட்டேன். பெரிய வியாதின்னு." கையை விரித்து என்னிடம் காட்டினாள். "நம்ம சின்ன வயசுல ஏரிக்கரைல ஒருத்தர ஒதுக்கி வெச்சிருந்தாங்களே. வெரலு இல்லாம. அதான எனக்கும்? வெரலே போவப் போவுது, ஆபரேசன் எதுக்கு? புள்ளைக்கு ஒட்டிக்கிச்சின்னா?"

குஷ்டம்! எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பெரிய வியாதி என்றால் அதுதானே. எனக்கு மறந்தே போயிருந்தது. சிரித்தேனா அழுதேனா தெரியாது.

"அதுவா இருந்தாலும் இப்ப மாத்திரை இருக்குக்கா. யாரையும் ஒதுக்க வேணாம். உனக்கு அது இல்ல." மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "கேன்சர்."

விரித்த கையை மடக்கிக்கொண்டாள். பிறகு, "ஒட்டாதுல்ல?"

"ஒட்டாது."

அப்போதுதான் அழுதாள். அழுது முடித்ததும் வந்தது பாருங்கள் கோபம். "எம் மாருல என்ன இருக்குன்னு என்னத் தவுர எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கு, ஏண்டி? இத்தினி நாளா செத்துச் செத்துப் பொழச்சது நானு."

திட்டட்டும். நன்றாகத் திட்டட்டும். பாயை உள்ளே கொண்டுவந்து போட்டேன்.

ஜூலை 28, திங்கள்

கு. ஓசூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். டாக்டரம்மா பேச ஆரம்பித்ததும் பழக்கதோஷம், எல்லாவற்றுக்கும் அவனே தலையாட்டினான்.

"அவன் கெடக்கறானுங்க. என்னையப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் அக்கா. முழுசா எடுக்கணுமா, கட்டியை மட்டுமா? கரண்டு (கதிர்வீச்சு) வெக்கணுமா? கரண்டு வெச்சா தோல் கருகுமா? எனக்குத் தோன்றாத கேள்வியெல்லாம் கேட்டாள். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்டு வைப்பது என்று அவளே முடிவு சொன்னாள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

புதன்கிழமை இடம் இருக்கிறதாம். கு. மெதுவாக, "ஆடி முடியட்டும்மா. ஆடில எதுக்கு?"

"ஆடில நல்லது வூட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதான்டா சொன்னாங்க. கெட்டது வெளிய போவக்கூடாதுன்னு யாரு சொன்னா? நீங்க புதன்கிழமையே வெச்சிருங்க டாக்டரம்மா."